இல்லாத கதவு: ஒரு புத்தகக் கடை, பக்கத்து ஓட்டல், சில ஞாபகங்கள்

மூடிப்போன ஒரு புத்தகக் கடையையும் அதன் பக்கத்து ஓட்டலையும் பற்றி, அங்கே வந்துபோனவர்களிடம் நினைவுகளைத் திரட்டப் போனோம். அதில் நடந்த ஒரு குழப்பத்தின் பதிவு இது. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நான். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர், பெயர், ஆண்டு மூன்றையும் விட்டுவிட்டேன். மற்றபடி நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பின்னணி

இரண்டும் ஒரே கட்டடம். முன்னால் மூன்று படிக்கட்டு, மேலே நீளமாக ஒரு தாழ்வாரம். இடது பக்கம் புத்தகக் கடை, வலது பக்கம் ஓட்டல், நடுவில் ஒரு சுவர். கடையை ஒருவரே நடத்தினார். கிளை கிடையாது, கணினி கிடையாது. எந்தப் புத்தகம் எந்த ரேக்கில் இருக்கிறது என்ற கணக்கெல்லாம் அவர் தலைக்குள்தான். புத்தகத்தைக் கையில் எடுத்துப் பத்து நிமிஷம் நின்றபடியே படித்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். பதினோராவது நிமிஷம் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுவார்.

வாங்கிய புத்தகத்தோடு நேராகப் பக்கத்து ஓட்டலுக்குப் போய் உட்காருவதுதான் வழக்கமாக இருந்தது. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தாலும் அங்கே யாரும் எழுப்பமாட்டார்கள். பெருந்தன்மை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அங்கே வேலை பார்த்த சர்வர் பிற்பாடு வேறு காரணம் சொன்னார்: "புக்கு வச்சிருக்கறவங்க கூட்ட நேரத்துல வர மாட்டாங்க சார். காலி நேரத்துல நாலு பேர் உட்கார்ந்திருந்தாத்தான் வெளியில இருந்து பார்க்கறவனுக்கு உள்ளே வரத் தோணும்." மேசையில் யாராவது புத்தகத்தை மறந்துவிட்டுப் போனால் அது கடைக்காரரிடம் போய்ச் சேரும். கடைக்காரர் எங்காவது வெளியே கிளம்பினால் ஓட்டல் கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். ஷட்டரை இறக்கமாட்டார்.

இப்படி ஜோடியாக வாழும் கடைகள் உலகத்தில் பல இடங்களில் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1953இல் தொடங்கிய சிட்டி லைட்ஸ் புத்தகக் கடைக்கும், 1948 முதல் இருக்கும் வெசூவியோ மதுக்கூடத்துக்கும் நடுவே ஒரு சந்துதான் இடைவெளி. ஒன்றைப் பற்றிப் பேசினால் மற்றதும் தானாக வந்துவிடும். வீடும் வேலையிடமும் போக மனிதர்களுக்கு மூன்றாவதாக ஓர் இடம் தேவைப்படுகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் எழுதினார். எங்களுக்கு அந்த மூன்றாவது இடம் இரண்டு கடைகளாகப் பிரிந்து கிடந்தது.

முதலில் மூடியது புத்தகக் கடை. ஆன்லைன் வியாபாரம்தான் கொன்றது என்று பலரும் சொல்கிறார்கள். அமேசான் புத்தகம் விற்கத் தொடங்கியது 1995இல். அதற்குப் பிறகும் வெகுகாலம் இந்தக் கடை நடந்தது. அவரிடமே கேட்டபோது, "அதுக்கு முன்னாடியே முட்டி வலி வந்துடுச்சுப்பா" என்றார். குத்தகை முடிந்தது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு சில வருஷம் ஓட்டல் மட்டும் நடந்து அதுவும் மூடியது. அந்தச் சில வருஷமும் நான் வேறு ஊரில் இருந்தேன். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பழைய வாடிக்கையாளர்கள் ஐந்து பேர் கூடிப் பேசினோம். எல்லோருடைய நினைவுகளையும் திரட்டிச் சின்னதாக ஒரு புத்தகம் போடுவது, இடிப்பதற்கு முன் ஒரு மாலை எல்லோரும் சந்திப்பது என்று முடிவானது. தொகுக்கும் பொறுப்பு எனக்கு.

முதல் வாரம்

வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று கூட்டம் சேர்ந்தது. ஆனால் யாரும் எதுவும் எழுதவில்லை. வணக்கம், பழைய நண்பர்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி, இதோடு நின்றது. பேச்சைக் கிளப்ப வேண்டுமே என்று, குழுவில் ஒருவர் எனக்குத் தனியாக அனுப்பியிருந்த ஒரு படத்தைப் பொதுவில் போட்டேன்.

அதில் ஓட்டல் மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குத் திறப்பு. திறப்பு வழியாக உள்ளே புத்தக ரேக்குகள் தெரிகின்றன. படத்துக்குக் கீழே நான் எழுதிய வரி: "கடைக்கும் ஓட்டலுக்கும் நடுவில் இருந்த அந்தக் கதவு ஞாபகம் இருக்கா?"

உண்மையில் எனக்கு ஞாபகம் இல்லை. படத்தில் பார்த்தேன், இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கவனித்தவை

அன்று ராத்திரியே மடை திறந்த மாதிரி வந்து குவிந்தது. வந்தவற்றில் பெரும்பாலானவை எழுதியவர்களின் கல்லூரிக் காலத்தையும் அதற்கு முன்பின் வருஷங்களையும் சேர்ந்தவை. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரை நடந்தவையே அதிகம் வரும் என்பதை நினைவு ஆய்வாளர்கள் வெகுகாலமாகக் கவனித்திருக்கிறார்கள். எங்களிடமும் முதல் வேலை, முதல் காதல், பரீட்சை நேரம் இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. அதே ஆட்கள் நாற்பது வயதிலும் அதே படியேறி வந்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை.

வாசனையைப் பற்றியும் நிறைய எழுதினார்கள். காகிதத்தில் இருக்கும் லிக்னினும் செல்லுலோஸும் வருஷக்கணக்கில் மெதுவாகச் சிதைவதால் வருவதுதான் பழைய புத்தக வாசனை. ஆனால் பலர் "புத்தகக் கடை வாசனை" என்று எழுதியதில் பாதி, பக்கத்துச் சமையலறையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் எழுதியிருந்தார், இன்றைக்கும் ஓட்டல் புகை மூக்கில் ஏறினால் தனக்கு அகராதி ஞாபகம் வருகிறதாம்.

அப்புறம், கதவு. குழுவில் பாதிப் பேருக்கு மேல் அதைப் பற்றி எழுதினார்கள். சும்மா "ஆமாம், இருந்தது" என்று இல்லை. கையில் புத்தகக் கட்டோடு முழங்கையால் தள்ளித் திறந்ததாக ஒருவர். திறக்கும்போது கிறீச்சென்று சத்தம் வரும், அதைக் கேட்டுத்தான் கடைக்காரர் தலை நிமிர்வார் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண்மணி எழுதியதை நான் மூன்று முறை படித்தேன். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலம். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். கடையில் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி அந்தக் கதவு வழியாக வந்து, எதிரில் உட்கார்ந்து, "என்னக்கா படிக்கிற?" என்று கேட்கிறான். தம்பி இப்போது இல்லை.

இதை அட்டைப் படமாகவே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஓவியம் வரையத் தெரிந்த ஒருவர் பாதி திறந்த கதவு ஒன்றை வரைந்தும் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் கடைக்காரரின் மகளைப் பார்க்கப் போனேன். அவர் குழுவில் இல்லை. அட்டை ஓவியத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எந்தக் கடை அண்ணே?" என்று கேட்டார். நடுச் சுவர் முழுக்க அகராதி ரேக்குதான் இருந்தது, தரையிலிருந்து கூரை வரை, தூசி தட்டுவது தன் வேலை, அங்கே ஒரு கதவு இருந்திருந்தால் தனக்குத் தெரியாமல் போகுமா என்றார். அவர் அப்பாவுக்கு இப்போது பேச்சு தெளிவாக இல்லை. கேட்டதற்குக் கையை மட்டும் அசைத்தார். இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

குழுவில் நடந்த சண்டை

இதைக் குழுவில் சொன்னேன். சொன்ன விதமும் தப்புதான். "கதவே கிடையாதாம்!" என்று ஆச்சரியக்குறியோடு போட்டேன். அன்றைக்குப் பூராவும் சண்டை. படமே இருக்கிறதே என்றார்கள். மகள் அப்போது சின்னப் பெண், அவருக்கு என்ன தெரியும் என்றார்கள். ஆசிரியை எனக்குத் தனியாகப் போன் செய்து, "என் காதால கேட்ட சத்தம் பொய்யாப்பா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி என் வரியைத் திரும்பப் படித்தேன். "அந்தக் கதவு ஞாபகம் இருக்கா?" கதவு இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. இருந்ததை முடிவு செய்துவிட்டு, ஞாபகம் இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறேன். இல்லை என்று சொல்பவர் தன் ஞாபகத்தைத்தான் குறைசொல்லிக்கொள்ள வேண்டும். "அந்த" என்ற ஒரு சொல் செய்த வேலை அது.

இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஒரு கார் விபத்துப் படத்தைச் சிலருக்குக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு பகுதியினரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் வகைக் கேள்வியைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டாவது வகையில் 50 பேரில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. கேள்வியில் இருந்த சொல் பதிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவர் சொல்வதைக் கேட்டு இன்னொருவரின் நினைவில் இல்லாத பொருள் சேர்ந்துகொள்வதையும் பிற்பாடு சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் இரண்டும் ஒரே ராத்திரியில் நடந்துவிட்டன.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஐந்து பேரும் நேரில் சந்தித்தோம். குழுவில் நினைவு எழுதுவதை உடனே நிறுத்துவது என்பது முதல் முடிவு. குழுவில் இல்லாதவர்களைத் தேடி, ஒவ்வொருவராக, படம் எதுவும் காட்டாமல், "உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வந்தது வரை சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்பது இரண்டாவது. நடுவில் குறுக்கிடக் கூடாது. கதவு என்ற சொல்லை அவர்களாகச் சொன்னாலொழிய நாங்கள் எடுக்கக் கூடாது.

கதவு நினைவுகளை மொத்தமாக நீக்கிவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கதவுக்காக அந்தத் தம்பியையும் சேர்த்து எடுத்துவிட எனக்கு மனமில்லை. கதவு இருந்ததா என்று தெரிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம்.

தனியாகச் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் கதவைப் பற்றிப் பேசவே இல்லை. கடையிலிருந்து ஓட்டலுக்குப் போனதைச் சொல்லும்போது எல்லோருமே தாழ்வாரத்தைத்தான் சொன்னார்கள். மழை நாளில்கூட நனையாமல் போகலாம், கூரை இருந்தது. இரண்டு பேர் மட்டும் திறப்பு ஒன்றைச் சொன்னார்கள். இருவருமே புத்தகக் கடை மூடிய பிறகும் ஓட்டலுக்குப் போய்வந்தவர்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் சர்வர். அவர் வேறு ஊரில் மகன் வீட்டில் இருந்தார். நான் எதையும் கேட்பதற்கு முன்பே, ஓட்டலின் கடைசிக் காலத்தை அவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். புத்தகக் கடை காலியானதும் அந்த இடத்தையும் ஓட்டல் முதலாளியே எடுத்துக்கொண்டார். நடுச் சுவரில் ஆள் போகிற அளவுக்கு இடித்து வழி செய்தார்கள். ரேக்குகளையும், விற்காமல் கிடந்த புத்தகங்களையும் அழகுக்காக அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்துப் படம்தான் எங்கள் கைக்கு வந்தது. ரேக்கைப் பார்த்ததும் கடை இருந்த காலம் என்று நாங்களாக முடிவு கட்டிவிட்டோம்.

ரசீதுகள்

காலத்தை உறுதி செய்ய வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது ஒரு நல்ல விஷயம் அகப்பட்டது. அந்த ஓட்டல் பில்லைத்தான் பலர் புத்தகத்தில் அடையாளம் வைக்கச் செருகியிருந்தார்கள். கடையில் வாங்கிய புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கச் சொன்னோம். பழைய பில்கள் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதியவை. மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. பிற்காலத்தில் மெஷினில் வந்த பில்கள் ஏறக்குறைய வெள்ளைத் தாள்தான். அவற்றில் மை கிடையாது. தாளின் மேல் இருக்கும் ரசாயனப் பூச்சு சூட்டில் கறுத்துத்தான் எழுத்தாகத் தெரிகிறது. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அது மெல்ல மறைந்துவிடும்.

எழுத்து ஓரளவு மிஞ்சியிருந்த ஒரு மெஷின் பில்லை, பத்திரமாக இருக்கட்டும் என்று எங்களில் ஒருவர் லேமினேஷன் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். மெஷினின் சூட்டில் மொத்தத் தாளும் கறுத்துப்போய் வெளியே வந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அளவு வெள்ளை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதலில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை.

வெளிநாட்டுப் பெண்மணியிடமும் ஒரு பில் இருந்தது. கையால் எழுதியது. படம் எடுத்து அனுப்பினார். மாதம் தெரிகிறது, வருஷம் இருக்கும் மூலை கிழிந்துவிட்டது. இரண்டு பேருக்கான கணக்கு. சர்வரிடம் காட்டினேன், தன் கையெழுத்துதான் என்றார். கையால் பில் எழுதிய காலத்தில் கடை இருந்தது, திறப்பு இல்லை.

பின்விளைவு

கதவைப் பற்றி எழுதிய ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். குழுவில் பொதுவாக அறிவிக்கவில்லை. தவறு உங்களுடையதில்லை, நான் கேட்ட கேள்வியுடையது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் திருத்தி எழுதித் தந்தார்கள். ஆசிரியை தன் பதிவையே திரும்பப் பெற்றுக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வெளிநாட்டுப் பெண்மணி போனில் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப வாசல் வழியாத்தான் வந்திருப்பான்" என்றார். இரண்டு பேர் கணக்குப் போட்ட அந்த பில் தம்பியோடு சாப்பிட்டதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது வேறு யாரோடு சாப்பிட்டதாகவும் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று எங்கள் ஐந்து பேருக்குள் இன்னமும் ஒத்த கருத்து இல்லை.

புத்தகத்தில் இரண்டு வரைபடம் போட்டோம்: கடை இருந்த காலத்துக்கு ஒன்று, அதற்குப் பிந்தைய காலத்துக்கு ஒன்று. திருத்த விரும்பாதவர்களின் நினைவுகளை அவர்கள் எழுதியபடியே அச்சிட்டு, அடியில் சிறிய எழுத்தில் எங்கள் குறிப்பைச் சேர்த்தோம். அட்டைக்குத் தாழ்வாரத்தையும் மூன்று படிக்கட்டையும் வரைந்தோம்.

சந்திப்புக்கு முதல் நாள், கட்டட உரிமையாளரின் அனுமதியோடு உள்ளே போய்ப் பார்த்தோம். சர்வரும் வந்திருந்தார். திறப்பின் இரண்டு பக்கமும் வெட்டிய செங்கல், மேலே அவசரப் பூச்சு. நிலை இல்லை. கீல் அடித்த துளைகூட எங்கேயும் இல்லை. "கதவெல்லாம் போடலீங்க, வெறும் வழிதான்" என்றார் சர்வர். ஆக, திறப்பு வந்த பிறகும் அங்கே கதவு இருந்ததில்லை. படத்தை எடுத்து மறுபடியும் பார்த்தேன். படத்திலும் கதவு இல்லை. கதவு முழுக்க முழுக்க என் வரியிலிருந்து வந்தது. அப்படியானால் அந்தக் கிறீச் சத்தம்? ஓட்டலின் முன்வாசல் கதவை நகர்த்திப் பார்த்தோம். துருப்பிடித்து அசையவே இல்லை. அதுவாகத்தான் இருக்கும் என்பது சர்வரின் அபிப்பிராயம்.

மாற்றிச் செய்வது

இன்னொரு முறை செய்தால், குழு தொடங்குவதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, மற்றவர் எழுதியதைப் பார்க்காமல், எழுதியோ பேசியோ தரட்டும். அதற்கு நாள் போட்டு வைத்த பிறகுதான் படங்களை வெளியே எடுப்பது. படம் யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று தெரியாதவரை அதற்குக் கீழே ஒரு வரியும் எழுதுவதில்லை. கடைக்கு வந்தவர்களைத் தேடுவதற்கு முன் அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடியிருக்க வேண்டும். சர்வரிடம் முதல் வாரமே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வந்தீர்கள் என்று எல்லோரிடமும் ஆரம்பத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்வதும் அவசியம். ஒரே இடம் பத்து வருஷத்தில் வேறு இடமாகிவிடுகிறது, ஞாபகத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகிறது. மெஷின் பில்களை வாங்கிய அன்றே படம் எடுத்துவிட்டு, சாதாரணக் காகித உறையில் இருட்டில் வைப்பேன். பிளாஸ்டிக் உறையும் ஆகாது, சில வகைப் பிளாஸ்டிக் எழுத்தைத் தின்றுவிடும்.

குழுவை மூடும்போது வருத்தப்பட்டவர்களும் உண்டு. தனித்தனியாகக் கேட்டிருந்தால் அந்த முதல் ராத்திரியின் கலகலப்பு கிடைத்திருக்காது என்கிறார்கள். அதுவும் சரிதான். அதற்கு என்னிடம் வழி இல்லை.

கட்டடம் இப்போது இல்லை. அகராதி ரேக்கைக் கடைக்காரரின் மகள் எடுத்துப்போனார். ஆசிரியை புத்தகத்தின் இரண்டு பிரதிகள் கேட்டு வாங்கிக்கொண்டார், பதிவை மட்டும் திரும்பத் தரவில்லை. பில்களும் படங்களும் ஓர் அட்டைப் பெட்டியில் என் வீட்டில் இருக்கின்றன. கறுத்துப்போன அந்த லேமினேஷன் அட்டையும் அதில்தான் இருக்கிறது. எது என்று தெரிய வேண்டுமே என்று, பின்னால் ஒரு சீட்டு ஒட்டிப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்: "ஓட்டல் பில், ஒன்று."